குளிர வைத்த விளக்கு

ஏப்ரல் 6, ஞாயிறு

தொட்டி விளக்கில் பாதி போய்விட்டது. நீலம் எரியவே இல்லை, வெள்ளை மட்டும் அழுது வடிகிறது. காலையில் காபி குடிக்கும்போது பார்த்தேன். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

பிப்ரவரியில் நான் குளியலறையில் சறுக்கி விழுந்ததைச் சாக்காக வைத்துக்கொண்டு மகள் நர்மதாவும் அவள் கணவரும் இங்கே குடிவந்தார்கள். நான் விழுந்தது என்னவோ ஒரு தடவை. அவர்கள் வந்ததோ பெட்டி படுக்கையோடு, கூடவே நாலடிக் கண்ணாடித் தொட்டியோடு. உள்ளே உப்புத் தண்ணீர், பாறை, மீன், பண்ணையில் வளர்த்த பவளத் துண்டுகள். கோயமுத்தூரில் கடல் இல்லை என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இவர் உப்பு மூட்டை வாங்கித் தண்ணீரில் கரைத்துக் கடல் செய்கிறார். வாடகை வீட்டிலிருந்து கணபதியில் இருக்கிற என் வீட்டுக்குக் கொண்டுவந்த வழியிலேயே பாதி உயிர்கள் செத்துவிட்டனவாம். இன்னொரு தடவை இடம் மாற்றினால் மிச்சமும் போய்விடுமாம். அப்படியானால் எதற்காக மாற்ற வேண்டும்? நானா வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தேன்?

என் சாய்வு நாற்காலி இருந்த இடத்தில் இப்போது தொட்டி இருக்கிறது. நாற்காலி செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

மருமகனின் பெயர் குற்றாலநாதன். ஊரைச் சொன்னாலும் பேரைச் சொல்லக்கூடாது என்பார்கள். அதனால் இந்த டைரியில் அவர் திருநெல்வேலி. கல்யாணத்துக்கே நான் போகவில்லை, பெயர் எழுத மட்டும் எனக்கென்ன கடமை?

சாப்பிடும்போது அந்த அரை விளக்கை என்ன செய்வது என்று நர்மதா கேட்டாள். "குளிர வச்சிரு, காலையில பாப்போம்" என்றார் அவர். இவர்கள் வீட்டில் யாரும் விளக்கை அணைக்க மாட்டார்கள், குளிர வைப்பார்கள். குத்துவிளக்குக்கு அப்படிச் சொல்வது எல்லார் வீட்டிலும் உண்டுதான். இவர் குண்டு பல்பையும் டார்ச் லைட்டையும்கூடக் குளிர வைக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"லைட்டு என்னங்க குலதெய்வமா, மலையேத்தறதுக்கு? மில்லுல நாங்கெல்லாம் நிறுத்துன்னா நிறுத்துவோம், அவ்வளவுதான்" என்றேன். முப்பது வருஷம் நூற்பாலையில் எலக்ட்ரிகல் ஃபோர்மேனாக இருந்தவனுக்கு இதைச் சொல்ல உரிமை இல்லையா?

அவரும் சிரித்தார். "அணைன்னு சொன்னா எங்கம்மா வாயிலயே போடும் மாமா. அது சாவு வீட்டுச் சொல்லாம். அப்படியே பழகிட்டு."

நர்மதா சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

ரேஷன் கடை. மூட்டுவலித் தைலம் தீர்ந்துவிட்டது. வீட்டில் தொட்டி விளக்கைத் தவிர வேறு பேச்சு இல்லை.

ஏப்ரல் 10, வியாழன்

புது விளக்கு வாங்க வேண்டுமாம். நாலு நாளாக லேப்டாப்பை வைத்துக்கொண்டு எல்இடிகளை அலசுகிறார். பெண் பார்க்கிறவன்கூட இவ்வளவு யோசிக்க மாட்டான். அவர் யோசித்திருந்தால் வேறு எங்காவது பார்த்திருப்பார்.

விளக்கு என்றால் என்னைக் கேட்க வேண்டாமா? மில்லில் நூல் அறுந்தால் தெரிகிற அளவுக்கு எந்த இடத்தில் எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று கணக்குப் போட்டு மாட்டியவன் நான். என் லக்ஸ் மீட்டரை எடுத்துத் தொட்டிக்கு மேலே பிடித்துக் காட்டினேன். வெள்ளை ஒன்றே போதும், நீலம் ஆடம்பரம் என்றேன்.

அவர் மீட்டரை வாங்கி மரியாதையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த மரியாதைதான் எனக்கு ஆகாது. "நல்ல மீட்டர் மாமா. ஆனா இது மனுசக் கண்ணுக்கு எவ்வளவு வெளிச்சம்னுதான் சொல்லும். பவளத்துக்குக் கண்ணு கிடையாதுல்லா" என்றார்.

பிறகு பாடம் நடந்தது. பவளம் செடி இல்லை, பிராணி. அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. அந்தப் பாசி வெளிச்சத்தில் சமைத்துப் போடுவதைத்தான் பவளம் தின்கிறது. கடலுக்கு அடியில் போகப் போக நீல வெளிச்சம் மட்டுமே இறங்குவதால் பாசிக்கு நீலம்தான் பிடிக்கும். வெளிச்சம் போதாவிட்டால் பவளம் பழுப்பாகிவிடும். திடீரென்று அதிகமானால் பவளம் பயந்துபோய்க் குடியிருந்த பாசியை வெளியே துப்பிவிட்டு வெள்ளையாகிப் பட்டினி கிடந்து சாகும். அதனால் புது விளக்கைக் குறைவாக வைத்து வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும்.

குடியிருப்பவனைத் துரத்திவிட்டால் வீட்டுக்காரன் செத்துப்போவானாம். இதை என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு என்னிடமே சொல்கிறார். இதில் உள்குத்து இல்லை என்று நான் நம்பவேண்டுமாம்.

ஏப்ரல் 12, சனி

இருவரும் வெளியே போன நேரத்தில் மொட்டை மாடிக்கு என்று வாங்கி வைத்திருந்த ஃப்ளட் லைட்டைத் தொட்டிக்கு மேலே மாட்டினேன். நல்ல கம்பி, நல்ல கிளாம்ப். ஹால் முழுக்கப் பகல் மாதிரி இருக்கிறது. வந்து பார்த்த நர்மதா, பெட்ரோல் பங்க் மாதிரி இருக்கிறது என்றாள். அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, இருக்கட்டும், மாமா மெனக்கெட்டு மாட்டியிருக்காவ என்றார்.

என் வேலையில் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் விஷயம்.

ஏப்ரல் 20, ஞாயிறு

தொட்டி பச்சையாகிவிட்டது. கண்ணாடி, பாறை, மணல் எல்லாவற்றிலும் பாசி. அவர் ஸ்டூலில் ஏறி, தோள்வரை கையை விட்டுச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சண்டை போடத் தெரியாத ஆளோடு எப்படிச் சண்டை போடுவது?

சண்டை போடத் தெரிந்தவள் சமையலறையில் இருந்தாள். நான் தண்ணீர் குடிக்கப் போனபோது பிடித்துக்கொண்டாள். ஃப்ளட் லைட்டில் ஆரம்பித்து எங்கெங்கோ போனாள். "வந்து ரெண்டு மாசம் ஆச்சுங்கப்பா. அவர ஒருக்காவாச்சும் மாப்பிள்ளைன்னு கூப்பிட்டிருக்கீங்களா? ஏனுங், ஏனுங்னா, அவரென்ன கரண்டு பில்லு கட்ட வந்த ஆளா?"

"ஏனுங்" மரியாதையான சொல். கொங்கு நாட்டில் பிறந்தவளுக்கு அதை நான் விளக்க வேண்டியதாயிற்று.

ஏப்ரல் 26, சனி

உக்கடத்தில் மீன் தொட்டிச் சாமான்கள் விற்கிற கடைக்குப் போனோம். நான் வரவில்லை என்றேன். நீங்க இல்லாம எப்படி மாமா என்றார். வெயிலில் அவருடைய பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன். பள்ளம் வரும்போதெல்லாம் வண்டியை ஊர்கிற மாதிரி ஓட்டினார். நான் என்ன பிள்ளைத்தாய்ச்சியா?

கடைக்காரர் மூன்று விளக்குகளை எடுத்து மேஜையில் பரப்பினார். முதலாவது சொகுசு விளக்கு. திருகுகிற நாபு இல்லை, சுவிட்சு இல்லை, எல்லாம் ஃபோனில். சூரியன் உதிப்பது, மேகம் மறைப்பது, இடி மின்னல் எல்லாம் ஃபோனிலேயே செய்யலாம். திருநெல்வேலியின் கண் அதில்தான் இருந்தது. இரண்டாவது டியூப்லைட் மாதிரி நீளப் பட்டைகள், வேண்டிய நிறத்தை வேண்டிய அளவு வரிசையாக மாட்டிக்கொள்ளலாம். மூன்றாவது ஒரு கறுப்புப் பெட்டி. முகத்தில் இரண்டு நாபு, ஒன்று நீலத்துக்கு, ஒன்று வெள்ளைக்கு. நீலத்தின் கீழே கூல் என்றும் வெள்ளையின் கீழே வார்ம் என்றும் அச்சடித்திருந்தது.

என் வீட்டு ஹாலில் எரிகிற விளக்கை இன்னொருவர் சட்டைப்பையில் இருக்கிற ஃபோன் ஆள்வதற்கு நான் சம்மதிக்க மாட்டேன் என்றேன். பட்டைகளைப் பார்த்தாலே தெரிகிறது, இணைப்புக்கு இணைப்பு உப்பு ஏறித் துருப்பிடிக்கும். கறுப்புப் பெட்டியைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். உள்ளே வெப்பம் இறங்குவதற்குக் கனமான அலுமினியம், இரண்டு ஃபேன், ஒழுங்கான வயரிங். ஒளியைக் குவிக்கிற கண்ணாடிகளும் சரியாக இருந்தன. எழுந்து நின்று இதுதான் என்றேன்.

அவர் சொகுசு விளக்கை ஒருமுறை பார்த்தார். சரி மாமா, நாபு இருந்தா உங்களுக்கும் வசதி என்றார். எனக்கு எதற்கு வசதி? ஆனாலும் ஜெயித்தது நான்.

பெட்டியைக் கட்டும்போது கடைக்காரர் நீலத்தைப் பற்றி எச்சரித்தார். கால்வாசிக்கு மேல் உடனே போகவேண்டாம், முழுதாகத் திருப்பினால் இரண்டே நாளில் எல்லாம் வெந்துவிடும் என்றார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "அப்பாங்களா?" என்று கேட்டார். திருநெல்வேலி சற்றும் யோசிக்காமல் ஆமாங்க என்றார்.

எதற்காக ஒரு கடைக்காரரிடம் பொய் சொல்ல வேண்டும் என்று தெரியவில்லை.

மே 1, வியாழன்

லீவு நாள். ஃப்ளட் லைட்டைக் கழற்றிவிட்டுப் புது விளக்கை நானே மாட்டினேன். வயரில் வழிகிற தண்ணீர் பிளக்குக்குப் போகாதபடி கீழே ஒரு வளைவு விட்டேன். இதை எந்த லேப்டாப்பும் சொல்லிக்கொடுக்காது. டைமர் வைக்கலாம் என்றார். வேண்டாம், சுவிட்சு போட எனக்குக் கை இருக்கிறது என்றேன். அப்படியானால் காலையில் போடுவதும் பொழுது சாய்ந்ததும் நிறுத்துவதும் மாமா பொறுப்பு என்று சொல்லிவிட்டார். சம்பளமில்லாத வேலை ஒன்று என் தலையில் விழுந்தது.

நீலத்தை மட்டும் கொஞ்சமாக வைத்துப் போட்டுப் பார்த்தோம். பழுப்பாகக் கிடந்தவையெல்லாம் பச்சையும் ஆரஞ்சுமாக எரிந்தன. குடைக்காளான் மாதிரி ஒன்று இருக்கிறது, குடைப் பவளம் என்கிறார்கள். அதன் தலை முழுக்கச் சின்னச் சின்னப் பூ. வெளிச்சம் பட்டதும் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கடல் சாமந்தி என்று இன்னொன்று, விரல் விரலாக ஆடிக்கொண்டே இருக்கிறது. ஜோடி ஆரஞ்சு மீன்கள் அதன் மடியிலேயே படுத்துக்கிடக்கின்றன.

பார்க்கும்படியாக இருந்தது. அவ்வளவுதான்.

மே 5, திங்கள்

சுவிட்சு போடுவதற்கு முன்பே குடைப் பவளம் பூவை விரிக்கத் தொடங்கிவிடுகிறது. நேரம் அதற்குத் தெரிகிறது. நாற்காலியைச் செருப்பு அலமாரியிலிருந்து கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்தினேன். அங்கே காற்று வருவதில்லை.

மே 9, வெள்ளி

வாசலில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. நர்மதா தணிந்த குரலில் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தாள். சரவணம்பட்டி, ஃப்ளாட் என்று இரண்டு சொல் காதில் விழுந்தது. அவர் சொன்னது மட்டும் முழுதாகக் கேட்டது.

"தொட்டி இருக்குத வரைக்கும் நாம எங்கயும் நகர முடியாது. பேசாம இரு."

குழாயை மூடினேன். கேட்டீர்களா? தொட்டி இருக்கிறவரை நகரமாட்டாராம். இதற்குத்தான் அந்தக் கண்ணாடி மாளிகையை என் ஹாலில் கொண்டுவந்து வைத்தது. தொட்டியைக் காட்டியே என் வீட்டில் வேர் விடுவதுதான் திட்டம். என் மகள் பாவம், தனிக்குடித்தனம் கேட்டு மன்றாடுகிறாள் போலிருக்கிறது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியது என்பது இதுதான். நாற்காலியைச் செருப்பு அலமாரிப் பக்கமே தள்ளிவிட்டேன்.

மே 10, சனி

காலையில் விளக்கைப் போட்டேன். பொழுது சாய்ந்ததும் நிறுத்தினேன். அவரோடு பேசவில்லை.

மே 20, செவ்வாய்

தென்காசியில் அவருடைய தங்கை மகளுக்குக் காதுகுத்து. இருவரும் நாளை கிளம்பி ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறார்கள். தொட்டியை யாரிடம் விடுவது என்று பேச்சு வந்தது. நர்மதா, கடை ஆளை வரச்சொல்லலாம் என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே சொன்னாள்.

"வெளியாள் எதுக்கு? மாமா பாத்துக்கிடுவாவ" என்றார் அவர். மீனுக்குத் தீனி ஒரு சிட்டிகை, வற்றிய அளவுக்கு நல்ல தண்ணீர், நாபைத் தொட வேண்டாம், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொடுத்தார்.

தொட வேண்டாம். என் வீட்டில், நான் மாட்டிய விளக்கில்.

மே 22, வியாழன்

இட்லி மாவு புளித்துவிட்டது. மீனுக்குத் தீனி போட்டேன். தொட்டியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார், அனுப்பினேன்.

மத்தியானம் கூப்பிட்டார். பின்னால் மேளச் சத்தம். "மாமா, அந்தக் குடை ஓரத்துல வெளுக்குத மாதிரி தெரியுது. நாங்க வார வரைக்கும் லைட்டக் குளிர வச்சிருங்க" என்றார். சரி என்றேன். ஃபோனை வைத்துவிட்டார்.

குளிர வை என்றால் என்ன? விளக்கின் முகத்திலேயே அச்சடித்திருக்கிறது. நீலம் கூல், வெள்ளை வார்ம். கூல் என்றால் குளிர். லைட்டைக் குளிர வை என்றால் நீலத்தைக் கூட்டு என்றுதானே ஆகிறது? நான் கருவியில் எழுதியிருப்பதைப் பார்த்து வேலை செய்து பழகியவன். நீல நாபை முழுதாகத் திருப்பினேன். அவர் சொன்னபடி செய்தேன். அதற்குமேல் எனக்குப் பொறுப்பில்லை.

இதை இவ்வளவு விளக்கமாக எழுத வேண்டிய அவசியமே இல்லை. இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

மே 23, வெள்ளி

காலையில் போட்டேன். ஹால், சுவர், என் வேட்டி எல்லாம் நீலமாக இருக்கிறது. குடைப் பவளம் இன்று பூ விரிக்கவில்லை. தோலைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறது.

கடல் சாமந்தி இருந்த இடத்தில் இல்லை. தேடிப் பார்த்தால் பாறையின் பின்பக்கம், நிழலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு நடக்கத் தெரியும் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. மீன்கள் இரண்டும் பழைய இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கின்றன.

அவர் இரண்டு முறை கூப்பிட்டார். நான் குளித்துக்கொண்டிருந்தேன்.

மே 24, சனி

காலையில் விளக்கைப் போட்டுப் பார்த்தால் உள்ளே எதுவும் தெரியவில்லை. தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. சாமந்தி இன்னும் நகர்ந்துபோய் அலை எழுப்புகிற மோட்டாரில் சிக்கி அரைபட்டிருக்கிறது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மோட்டாரை நிறுத்தினேன். விளக்கை நிறுத்தினேன்.

பாதித் தண்ணீரை வாளி வாளியாக மொண்டு வெளியே ஊற்றினேன். புதுத் தண்ணீருக்கு உப்பு வேண்டும். அவருடைய உப்பு மூட்டை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. கட்டிலுக்கு அடியில், மாடிப்படிக்குக் கீழே, அவர்கள் அறையில் எல்லாம் தேடினேன். மளிகைக் கடைக்கு ஓடிப்போய்க் கல்லுப்பு வாங்கிவந்து கரைத்து ஊற்றினேன். முழங்கால் பிடித்துக்கொண்டது. ஹால் முழுக்க ஈரம். சறுக்கப் பார்த்தேன், சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

தண்ணீர் அழுக்காக இருந்ததால் மாற்றினேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

சாயங்காலம் ஒரு மீன் மிதந்தது. இன்னொன்று அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் அதுவும் போய்விட்டது.

மே 25, ஞாயிறு

வந்தார்கள். கதவைத் திறந்ததுமே நாற்றம் தெரிந்திருக்கும். நர்மதா பையைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் தொட்டியிடம் போனார். சட்டைக் கையை மடித்து உள்ளே விட்டுக் குடைப் பவளத்தைத் தொட்டார். அது அவர் கையிலேயே கரைந்து வந்துவிட்டது. பிறகு நிமிர்ந்து விளக்கைப் பார்த்தார். நீல நாபு முழுதாகத் திரும்பியிருந்தது. அதைத் திருப்பி வைக்க எனக்குத் தோன்றவில்லை.

நீங்கதான குளிர வைக்கச் சொன்னீங்க என்றேன். கூல் என்றால் நீலம், பெட்டியிலேயே எழுதியிருக்கிறது என்றேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். குப்பைக்கூடையில் கிடந்த கல்லுப்புப் பாக்கெட்டுகள் மீது அவர் பார்வை போனது. "எங்க ஊர்ப் பேச்சு அது. மாமா வேற மாதிரி எடுத்துக்கிட்டாவ போல. வெளிப்படையா சொல்லாதது என் தப்புதான் நர்மதா" என்றார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"நீங்கதானுங்கப்பா அன்னிக்குச் சாப்பிடறப்பச் சிரிச்சீங்க. லைட்டென்ன குலதெய்வமா, மலையேத்தறதுக்குன்னு கேட்டீங்க. மறந்துபோச்சுங்களா?"

அது எண்ணெய் விளக்கைப் பற்றிய பேச்சு என்று சொன்னேன். அவள் பினாயிலை எடுத்துக்கொண்டு தரையைத் துடைக்கப் போனாள்.

அது எண்ணெய் விளக்கைப் பற்றிய பேச்சாகத்தான் இருந்தது.

மே 29, வியாழன்

தொட்டியைக் காலிசெய்து கழுவிவிட்டார். பாறைகளைச் சாக்கில் கட்டி வெளியே வைத்தார். இரண்டு நாள் லீவு போட்டு, ஒருத்தராகவே செய்தார். பிடிக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் மாமா, வழுக்கும் என்றார்.

வெற்றுத் தொட்டி வெயிலில் பளபளக்கிறது. காலையில் என்னையறியாமல் சுவிட்சைப் போட்டுவிட்டேன்.

ஜூன் 1, ஞாயிறு

நர்மதா நேராக வந்து சொன்னாள். சரவணம்பட்டியில் ஃப்ளாட் தயாராக இருக்கிறது, அடுத்த ஞாயிறு போகிறார்கள். சமையலுக்கு ஓர் அம்மாவை ஏற்பாடு செய்திருக்கிறாளாம். ஏற்பாடு எல்லாம் முடித்துவிட்டுத்தான் அப்பனிடம் சொல்கிறாள்.

எனக்குக் கோபம் வந்தது. எதிர்பார்த்ததுதான், உன்னைப் பிரித்துக் கூட்டிக்கொண்டு போகத்தான் அவர் வந்ததே என்றேன். இவ்வளவு நாள் தொட்டியைக் காட்டி என் வீட்டை வளைக்கப் பார்த்தார், அது நடக்கவில்லை என்றதும் புறப்பட்டுவிட்டார் என்றேன். அவர் சொன்னதை என் காதாலேயே கேட்டேன் என்றும் சொன்னேன்.

அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"போலாம், போலாம்னு வந்த மாசத்துலருந்து கேட்டுட்டு இருக்கறது நானுங்கப்பா. நீங்க அவரப் பேசறதக் கேட்டுட்டு என்னால இங்க இருக்க முடியல. தொட்டிய நகத்த முடியாது, தொட்டிய நகத்த முடியாதுன்னு அவருதான் நிறுத்தி வெச்சிருந்தாரு. நீங்க மறுக்கா உளுந்தா தூக்கறதுக்கு ஆளு வேணும்னு. என்ற வாயடைக்க அவருக்கு வேற சாக்கு கெடைக்கல. இப்ப அந்தச் சாக்கும் இல்லைங்."

நான் செய்தித்தாளை மடித்து வைத்தேன். இன்று அதில் ஒன்றும் இல்லை.

ஜூன் 3, செவ்வாய்

மில்லில் ஒரு விதி உண்டு. எந்த லைன் எதற்குப் போகிறது என்று தெரியாமல் ஃபியூஸைப் பிடுங்கக்கூடாது. புது ஆட்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பேன்.

மழை வரும்போல இருக்கிறது. துணிகளை எடுத்துவைத்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

வண்டி வந்தது. சாமான் அதிகம் இல்லை. தொட்டியை எடுத்துப்போகவில்லை. அங்கே இடம் இல்லை என்றாள் நர்மதா. விளக்கைக் கழற்றித் தரவா என்று கேட்டேன். இருக்கட்டும் மாமா, நீங்க மாட்டினது என்றார் அவர். குளியலறையில் புதிதாக ஒரு கைப்பிடி மாட்டியிருக்கிறார். எப்போது மாட்டினார் என்று தெரியவில்லை. ஸ்க்ரூ எல்லாம் சரியாகத்தான் முடுக்கியிருக்கிறது.

நர்மதா வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். போயிட்டு வர்றேன் என்று சொன்னாள், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். மாப்பிள்ளை வாசல்படியில் உட்கார்ந்து செருப்பை மாட்டினார். கூப்பிட்டு ஏதாவது சொல்ல வேண்டும் என்று எனக்கு இருந்தது. பழக்கமில்லாத சொல், வெளியே வரவில்லை.

விளக்கு வைக்கிற நேரம். ஹாலில் வெற்றுத் தொட்டிக்கு மேலே நீலம் எரிந்துகொண்டிருந்தது. காலையில் போட்டதை நான் நிறுத்தவில்லை. அவர் எழுந்து நின்று உள்ளே பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அந்த லைட்ட அணைச்சிருங்க மாமா" என்றார்.

அணைச்சிருங்க. மெதுவாக, நிறுத்தி, காது கேளாதவருக்குச் சொல்வதுபோலச் சொன்னார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டதே இல்லை. அவருடைய அம்மா கேட்டிருந்தால் வாயில் போட்டிருப்பார். இந்த முறை எனக்குப் புரியவில்லை என்று யாரிடமும் சொல்ல முடியாது.

ஜூன் 9, திங்கள்

பால்காரரிடம் இனி அரை லிட்டர் போதும் என்று சொன்னேன். நாற்காலியைப் பழைய இடத்தில் போட இடமில்லை, தொட்டி இருக்கிறது. விளக்கு இன்னும் எரிகிறது.